முகம் கொடுத்துப் பேசும் நகராட்சி

வாதுவெக் நகராட்சிக்கு முகம் சரியில்லை என்று அந்த வருஷம் முடிவாயிற்று.

கட்டடத்தின் முகப்பைச் செப்பனிட ஐரோப்பிய ஒன்றியம் பணம் அனுப்பியிருந்தது. வருகிற வழியில் அது பல பேரைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வந்ததால், டான்யூப் கரையிலிருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மிகவும் இளைத்துப்போயிருந்தது. மிச்சத்தை வைத்துச் சாரம் கட்டலாம், பூச முடியாது. எனவே சாரம் கட்டினார்கள். அதில் புறாக்கள் குடியேறின. தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பணியாளர் பிரிவுத் தலைவர் பம்ஃபில் திட்டத்தின் தலைப்பை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தார். ‘நகராட்சியின் முகத்தைப் புதுப்பித்தல்’ என்று இருந்தது. எந்த முகம் என்று எங்கும் சொல்லவில்லை.

தெய்வச் செயலாக, அதே வாரம் மக்கள் கருத்துக் கணிப்பின் முடிவும் வந்தது. ஏழு கவுன்டரில் இரண்டுதான் திறந்திருக்கிறது, லிஃப்ட் ஓடி வருஷக்கணக்காகிறது, உள்ளே இருப்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசுகிறார்கள் என்று ஜனங்கள் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டுக்கும் நகராட்சியிடம் மருந்தில்லை. மூன்றாவதற்கு இருந்தது. மருந்துக்கடைத் தெருவில், புதுத்தோல் நிலையம் என்ற பெயரில். அதை நடத்திவந்த டாக்டர் ஒலிம்பியா, மேயரின் மனைவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

டொம்னிக்கா பென்ஷன் கவுன்டரில் இருந்தாள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஆற்றங்கரை வெயிலில் மீன் உலர்த்திய குடும்பம். கன்னத்தில் அந்த வெயில் பழுப்புப் புள்ளிகளாக அப்படியே தங்கிவிட்டது. அவளுக்கு அதில் குறையொன்றும் இருந்ததில்லை. அவள் முகத்தை ஜனங்கள் பார்த்ததும் இல்லை. கவுன்டர் கண்ணாடியில் பேசுவதற்கென்று விட்டிருந்த ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்தது. எதையாவது கேட்க வேண்டுமென்றால் வெளியே நிற்பவர் குனிய வேண்டும், பதில் சொல்ல உள்ளே இருப்பவரும் குனிய வேண்டும். இத்தனை வருஷத்தில் டொம்னிக்கா பார்த்ததெல்லாம் உச்சந்தலைகள். ஊர் பார்த்ததெல்லாம் அவள் மோவாய்.

பக்கத்துக் கவுன்டர் ஸம்ஃபிராவுடையது. ஜிப்சிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா இனத்தில், நகராட்சியில் நாற்காலி கிடைத்த ஒரே பெண் அவள். அங்கேயே தரை துடைத்தவள், மாலைப் பள்ளியில் படித்துப் பரீட்சை எழுதி மேலே வந்திருந்தாள். கறுத்த, மழமழவென்ற முகம். அவள் சிரித்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும். ஆரம்பத்தில் அவள் வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள். அவள் யாரையும் ‘நாளைக்கு வா’ என்று அனுப்புவதில்லை என்று தெரிந்த பிறகு, அந்த வரிசைதான் தெருவரை நீண்டது.

மன்றக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து பம்ஃபில் பேசினார்.

“நண்பர்களே, ஒரு நிறுவனத்தோட முகம் எது? கட்டடமா? கட்டடம் வெறும் கல்லு. கல்லு ஓட்டுப் போடாது. ரோட்டுல குழின்னு எழுதியிருக்காங்க. அதுல விழுந்து விழுந்து ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. ஆனா உங்க மூஞ்சி பழகவே மாட்டேங்குதாம். இந்த நகராட்சி இதுவரைக்கும் ஜனங்க மேல எத்தனையோ வரி போட்டிருக்கு. இப்போ முதல்முதலா, ஊழியருங்க மேல அக்கறைய போடப்போகுது. தடவித்தான் போடப்போகுது.”

ஸம்ஃபிரா டொம்னிக்காவின் காதருகே குனிந்தாள். “என்னக்கா, தோலை உரிச்சிடுவேன்னு இவன் சும்மா திட்டுறான்னு நெனைச்சுட்டு இருந்தேன். நெசமாத்தான் சொல்லியிருக்கான் போல.”

“சும்மா இருடி, நம்மளயே பாக்குறான்.”

அடுத்து டாக்டர் ஒலிம்பியா எழுந்தார். அவர் நெற்றி எந்த நேரமும் ஒரே மாதிரி இருக்கும். சந்தோஷமா கோபமா என்று கண்டுபிடிக்கக் கையைத்தான் பார்க்க வேண்டும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வரைந்த ஒரு படத்தை மாட்டிவிட்டு விளக்கினார்.

“தோல் அடுக்கடுக்கா இருக்கு. மேல இருக்கறது செத்துப்போன செல்லு. அது தானா உதிரும், ஆனா வயசாக ஆக ரொம்ப நிதானமா உதிரும், உங்க ஆபீஸ் ஃபைல் நகர்ற மாதிரி. நாங்க அமிலம் தடவி அதை விரட்டுறோம். பழுப்பு, சுருக்கம், பழைய பருத் தழும்பு எல்லாம் மேலடுக்கோட போயிரும், அடியில இருந்து புதுசு வரும். இதுல மூணு ஆழம். மேலாக உரிக்கறது, நடுவுல உரிக்கறது, ஆழமா உரிக்கறது. ஆழத்துக்குப் போனா இதயத் துடிப்பப் பாத்துக்கிட்டே செய்யணும், அதுக்கு மிஷின் வேணும். உங்களுக்கு மேலாக உரிக்கறதுதான், கரும்புல இருந்து எடுக்கற அமிலம். கொஞ்ச நிமிஷம் வெச்சு, சமையல் சோடா கரைச்ச தண்ணியால நிறுத்திருவோம்.”

டொம்னிக்கா கையைத் தூக்கினாள். “எரியுமா, டாக்டரம்மா?”

“எரியும்னு நாங்க சொல்றதில்ல. தோல் விழிச்சுக்குதுன்னு சொல்லுவோம்.”

“தூங்கற தோலை எதுக்கும்மா எழுப்பணும்?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பம்ஃபில் அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லாத மாதிரி ஆயிற்று.

ஸம்ஃபிரா எழுந்து நின்றாள். “டாக்டர், என் நெறத்துக்கு இது ஒத்துக்குமா? என் மகளுக்குக் கொசு கடிச்சாக்கூட மாசக்கணக்கா கருப்பு நிக்கும். முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சூண்டு தடவிப் பாக்கக் கூடாதா?”

நியாயமான கேள்வி. எந்த ஊர்த் தோல் வைத்தியரும் சொல்லக்கூடியதுதான் அது. கறுத்த தோலில் அமிலம் கொஞ்சம் மிஞ்சினாலும் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும், வாரக்கணக்கில் முன்தயாரிப்பு வேண்டும், அமிலத்தின் வீரியத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் டாக்டர் ஒலிம்பியா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, எங்க நிலையத்துல நாங்க நெறமே பாக்கறதில்ல. மனுஷங்களத்தான் பாக்கறோம். எல்லாருக்கும் ஒரே பாட்டில், ஒரே அளவு, ஒரே நேரம். உங்களுக்கு மட்டும் தனியா எதாவது செஞ்சா, அதுதானே பாகுபாடு?”

கூடம் கைதட்டியது. பம்ஃபில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமத்துவத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஸம்ஃபிரா உட்கார்ந்தாள்.

“மாட்டேன்னு சொல்லிடேன்” என்றாள் டொம்னிக்கா.

“நான் சொன்னா, ‘பாத்தியா, குளிக்கப் பயப்படுற சாதி’ம்பாங்க. உனக்குத் தெரியாதாக்கா?”

டொம்னிக்காவுக்குத் தெரியும்.

சிகிச்சையை ஒரு விழாவாக ஜூலையில் நடத்தினார்கள். தோல் உரிக்க ஜூலையைப் போலப் பொருத்தமற்ற மாதம் வேறில்லை. வெயில் படக்கூடாத சிகிச்சை அது. ஆனால் நகராட்சிக்கு நிதியாண்டு என்று ஒன்று இருக்கிறது, வெயில் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளவில்லை. மன்றக் கூடத்தில், செத்துப்போன மேயர்களின் படங்களுக்குக் கீழே, எங்கிருந்தோ இரவல் வாங்கிய பல் வைத்தியர் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பாதிரியார் வந்து அமிலப் பாட்டில்களின் மேல் துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். ஒரு பாட்டிலின் மூடி திறந்திருந்ததால், தீர்த்தம் கலந்த அமிலத்தின் வீரியம் என்ன ஆகும் என்று செவிலியர் கேட்டார். கூடத்தான் செய்யும் என்றார் பாதிரியார். மேடையில் தீயணைப்புத் துறை பேண்டு வாசித்தது. தீயணைப்பு வீரர்கள் வாத்தியத்தை மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

“நீங்க எந்த நாற்காலி சார்?” என்று பம்ஃபிலிடம் டொம்னிக்கா வெகுளியாகத்தான் கேட்டாள்.

“நிர்வாகத்துக்கு முகம் கிடையாதும்மா. கொள்கை மட்டுந்தான்” என்றார் அவர்.

டொம்னிக்காவின் முறை முதலில் வந்தது. முகத்தைத் துடைத்து, கண்ணில் ஈரப் பஞ்சு வைத்து, பிரஷ்ஷால் தடவினார்கள். முதலில் ஜில்லென்றிருந்தது. பிறகு நூறு எறும்பு ஒன்றாகக் கடித்தது. பிறகு அந்த எறும்புகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. மின்விசிறி ஓடவில்லை என்பதால் பென்ஷன் விண்ணப்பக் கட்டுகளால் விசிறினார்கள். அத்தனை வருஷத்தில் அந்த விண்ணப்பங்களால் ஒருவருக்குப் பலன் கிடைத்தது அப்போதுதான். சரியான நேரத்தில் சோடாத் தண்ணீர் வந்தது. நுரைத்துத் தணிந்தது. பஞ்சை எடுத்துவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஸம்ஃபிராவின் முகத்தில் அப்போதுதான் தடவி முடித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேயர் உள்ளே வந்தார்.

பின்னாலேயே புகைப்படக்காரர். மேயருக்கு ஸம்ஃபிராவோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நகராட்சி எல்லா ஜனங்களையும் ஒரே மாதிரி நடத்துகிறது என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது. டாக்டர் ஒலிம்பியா பிரஷ்ஷோடு ஒரு பக்கம் நின்றார். மேயரின் மனைவி மறுபக்கம். சோடாத் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓடிவந்த செவிலியரை, கிண்ணம் பிளாஸ்டிக்காக இருக்கிறது, படத்தில் அசிங்கமாக விழும் என்று புகைப்படக்காரர் தள்ளி நிற்கச் சொன்னார்.

“எரியுது டாக்டர்” என்றாள் ஸம்ஃபிரா.

“எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“அய்யோ, ரொம்ப எரியுது.”

“கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார் புகைப்படக்காரர். “மேயர் சார், இன்னும் ஒண்ணு. இந்தப் பக்கத்துல இருந்து.”

மேயரின் மனைவி கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்று எடுத்தார்கள். பேண்டு மாஸ்டரையும் சேர்த்து இன்னொன்று. ஸம்ஃபிராவின் கன்னத்தில் பனி படர்கிற மாதிரி வெள்ளை பூத்ததை டொம்னிக்கா பார்த்தாள். அவள் சத்தம் போட வாயைத் திறந்தாள். வாய்க்கு நேராக யாரோ ஒருவர் கேக் தட்டை நீட்டினார். அதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்கள். செவிலியர் ஓடிப்போய் ஸம்ஃபிராவின் முகத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

உரிக்கிற வாரம் வீட்டில் இருட்டறையில் கிடக்க வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பம்ஃபில் விடுப்புத் தர மறுத்தார். “முகத்தைப் புதுப்பிக்கறோம்னு சொல்லிட்டு முகத்தை வீட்டுக்கு அனுப்பிட்டா, ஜனங்க எதைம்மா பாப்பாங்க?” வெயிலுக்குத் தடவும் களிம்பு திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வருவதாக இருந்தது. கவுன்டர் ஜன்னல்கள் தெற்குப் பார்த்தவை, பகல் முழுக்க வெயில் உள்ளே விழும். பூசிய இடம் வெடிக்காமல் இருக்க ஊழியர்கள் ஒரு வாரம் சிரிக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டினார்கள். எங்கள் நகராட்சியின் ஆணைகளில் முழுமையாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

வேகவைத்த நண்டு மாதிரி சிவந்துபோய், மூக்கிலும் மோவாயிலும் தோல் காகிதம்போலத் தொங்க, வரிசையாகக் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு கிழவர், இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லையென்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார். குனிந்து ஓட்டை வழியே டொம்னிக்காவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“யாரும்மா உன்ன இப்படிப் பண்ணது?”

“ஆபீஸ்லதான் ஐயா.”

“ஆபீஸ்லயா!” கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “வேலை செய்றவங்களையே இப்படிப் பண்றாங்கன்னா, நான் எம்மாத்திரம்? பென்ஷன் மெதுவா வரட்டும்மா. நீ உடம்பப் பாத்துக்கோ.”

மறுநாள் அவர் மனைவி புண்ணுக்குத் தடவ ஒரு குப்பியில் வாத்துக் கொழுப்பு அனுப்பியிருந்தார். வேறு சிலர் ஊழியர்களுக்காகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த வாரம் புகார்ப் பெட்டியில் ஒரு புகார்கூட விழவில்லை. பம்ஃபில் அதை வரைபடமாக வரைந்து மாட்டினார். கோடு மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி இறங்கியது.

டொம்னிக்காவின் கணவன் கொஸ்தாக்கே படகுத் துறையில் இன்ஜின் பழுது பார்ப்பவன். “ரெண்டு நாளா சூப்புல என்னமோ மிதக்குது. வெங்காயமா, நீயா?” என்று கேட்டான். தோல் உரிந்து முடிந்த காலையில், காப்பிக் கோப்பையோடு நின்றவன் அவளையே பார்த்தான். “அம்மா, நீங்க யாரு? வீட்டுக்காரி வெளிய போயிருக்கா” என்றான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு மீசையைத் தடவினான். அவள் கண்ணாடிக்கு ஓடினாள். பழுப்புப் புள்ளிகள் போயிருந்தன. கன்னம் வெளிறி, உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பின்னால் அவளை அதிகமாக வருத்தியது. அன்று முழுக்க, யாரும் பார்க்காத நேரத்தில், கவுன்டர் கண்ணாடியில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸம்ஃபிராவுக்குக் கன்னம் புண்ணாகிக் காய்ந்தது. காய்ந்த இடம் கறுத்தது. வெயில் பட்டு இன்னும் கறுத்தது. இரண்டு கன்னத்திலும் கருகிய ரொட்டியின் அடிப்பாகம் போலத் திட்டு விழுந்து, உதட்டோரம் தோல் இழுத்துக்கொண்டது. டொம்னிக்கா அவளோடு புதுத்தோல் நிலையத்துக்குப் போனாள். டாக்டர் ஒலிம்பியா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். நெற்றி அசையவில்லை.

“இது தோல்வி இல்ல. தாமதமான வெற்றி” என்றார். “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்க தோல் ஒத்துழைக்கல.”

“என் தோலுக்கு நான் என்ன டாக்டர் பண்ணட்டும்?”

“சொறிஞ்சீங்களா?”

“இல்ல.”

“சொறிஞ்சிருப்பீங்க. உங்க ஆளுங்க சொறிவாங்க.”

நிறமே பார்க்காத நிலையம் அது.

ஸம்ஃபிரா புகார் எழுதிப் போட்டாள். பல வாரமாகக் காலியாகக் கிடந்த பெட்டியில் விழுந்த முதல் புகார். பம்ஃபிலின் கோடு மறுபடி மேலே ஏறிவிடும் என்பதால் விசாரணைக் குழு உடனே கூடியது. தலைவர் பம்ஃபில். வல்லுநர் டாக்டர் ஒலிம்பியா. பொதுமக்களின் சார்பில் மேயரின் மனைவி. சாட்சி டொம்னிக்கா.

உள்ளே போவதற்கு முன் தாழ்வாரத்தில் பம்ஃபில் அவளை நிறுத்தினார். “உங்க முகத்தத்தான்மா ஊர் முழுக்க ஒட்டப்போறோம். உரிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு, பின்னாடி எடுத்தது ஒண்ணு. மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகுது. முகம் பாத்துத்தான் குடுக்கணும்னு மேயர் சொல்றார்.” வேறெதுவும் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

“அமிலம் அதிக நேரம் இருந்துதுன்னு அந்தம்மா சொல்றாங்க. பக்கத்து நாற்காலியில இருந்தீங்களே, பாத்தீங்களா?” என்று உள்ளே போய் உட்கார்ந்ததும் பம்ஃபில் கேட்டார்.

டொம்னிக்கா மேஜையைப் பார்த்தாள். அடுத்த நாற்காலியில் ஸம்ஃபிரா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவில்லை.

“கண்ணுல பஞ்சு வெச்சிருந்தாங்க” என்றாள்.

அது பொய்யில்லை. கொஞ்ச நேரம் பஞ்சு இருந்ததுதான்.

நேரம் மிகவில்லை என்பதற்குப் புகைப்படமே சாட்சி என்று குழு முடிவு செய்தது. எல்லாப் படத்திலும் டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறார், அதுவும் கையில் பிரஷ்ஷோடு. இதைவிடக் கவனிப்பு ஒரு டாக்டரிடம் எதிர்பார்க்க முடியுமா? நோயாளியின் முகம் மட்டும் ஏன் அப்படிக் கோணியிருக்கிறது என்று மேயரின் மனைவி கேட்டார். சந்தோஷத்தில் என்று குறித்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் முகத்தோடு ஸம்ஃபிராவின் முகம் ஒத்துவரும்வரை அவள் கீழ்த்தளத்துப் பழைய கோப்பறையில் வேலை செய்யலாம் என்று கருணையோடு உத்தரவானது.

மறுநாள் டொம்னிக்கா டப்பாவில் சர்மாலே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஸம்ஃபிராவுக்கு முட்டைக்கோஸ் உருண்டை என்றால் உயிர். ஸம்ஃபிரா டப்பாவைத் திறக்கவில்லை. திட்டவும் இல்லை.

“காலையில பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தி எழுந்து போயிட்டாக்கா” என்றாள். “நான் ரோமான்னு போனாளா, இந்த மூஞ்சிக்காகப் போனாளான்னு தெரியல. முன்னெல்லாம் காரணமாவது தெளிவா இருக்கும்.”

“ஸம்ஃபிரா…”

“உம் பஞ்சை எப்பக்கா எடுத்தாங்க?”

டொம்னிக்கா டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினாள்.

நிறைவு விழா செப்டம்பரில். தணிக்கைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டொம்னிக்காவின் பெரிய படம் மேடைக்குப் பின்னால் தொங்கியது. நன்றி சொல்ல மூன்று வரி எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். அவள் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். பிறகு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“நான் விசாரணையில பொய் சொன்னேன்” என்றாள். “கண்ணுல பஞ்சு இல்ல. நான் பாத்தேன். மேயர் சார் படம் எடுக்கறதுக்காக ஸம்ஃபிரா மூஞ்சில அமிலத்த அப்படியே விட்டுட்டாங்க. அவ எரியுது எரியுதுன்னா. சிரிங்கம்மான்னாங்க. அவ நெறத்துக்கு இது ஆகுமான்னு முன்னாடியே கேட்டா. அதுக்கு நாம எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். அவ மூஞ்சி போச்சு. அவளக் கொண்டுபோய்க் கீழ போட்டுட்டாங்க.”

தணிக்கைக்காரர்களில் ஒருவர் பேனாவைத் திறந்தார். பம்ஃபிலின் முகம், அவருக்கு அப்படி ஒன்று இருந்தது அப்போது தெரிந்தது, சுண்ணாம்பாகிவிட்டது.

மேயர் எழுந்தார். இரண்டு கைகளையும் விரித்தார்.

“பாத்தீங்களா!” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. “இத்தன வருஷமா வாயத் தொறக்காத அம்மா! கவுன்டர்ல ஒரு வார்த்தை கேட்டா முகத்தைச் சுளிச்சு வெரட்டுவாங்கன்னு ஊரே எழுதிச்சு. இன்னிக்கு முகம் கொடுத்துப் பேசறாங்க! அதுவும் யார்கிட்ட? என்கிட்ட! மேலடுக்கு போனா உள்ள இருக்கறது வெளிய வரும்னு டாக்டரம்மா சொன்னாங்களே, இதுதாங்க அது. இதைத்தான் நாம வெளிப்படையான நிர்வாகம்னு சொல்றோம்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தணிக்கைக்காரரும் பேனாவை மூடிவிட்டுத் தட்டினார். டாக்டர் ஒலிம்பியா பக்கத்திலிருந்தவரிடம், மனம் திறப்பது இந்தச் சிகிச்சையின் பக்கநன்மை என்றும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை என்றும் சொன்னார். டொம்னிக்கா, “நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா?” என்று மைக்கில் கத்தினாள். பேண்டு ஆரம்பித்துவிட்டது.

அந்த வருஷத்தின் ‘முகம் கொடுத்துப் பேசும் ஊழியர்’ விருதை அவளுக்கே கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் நாற்காலியையும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸம்ஃபிராவின் புகார், மேயர் முன்னிலையில் பலத்த கைதட்டலோடு கேட்கப்பட்டுவிட்டதால், தீர்க்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

ஸம்ஃபிரா அக்டோபரில் வேலையை விட்டாள். எங்கள் ஊரில் வேலையை விடுகிற பெண்கள் எங்கே போவார்களோ அங்கேதான் அவளும் புறப்பட்டாள். இத்தாலிக்கு, யாரோ ஒருவர் வீட்டில் கிழடுகளைப் பார்த்துக்கொள்ள. கேள்விப்பட்டதும் டொம்னிக்கா பஸ் நிலையத்துக்கு ஓடினாள். பெஞ்சில் இரண்டு பைகளுக்கு நடுவே ஸம்ஃபிரா உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணியைக் கன்னம்வரை ஏற்றிக் கட்டியிருந்தாள். டொம்னிக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“விழாவுல பேசினியாமே. கேள்விப்பட்டேன்” என்றாள் ஸம்ஃபிரா.

“கைதட்டிட்டாங்கடி.”

“அதையும் கேள்விப்பட்டேன்.”

“அன்னிக்கு விசாரணையிலயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

“தெரியும்க்கா.”

கூடை வைத்திருந்த ஒரு நடுவயதுப் பெண் எதிரே வந்து நின்று டொம்னிக்காவையே உற்றுப் பார்த்தாள்.

“நீங்கதானே அந்த நகராட்சியம்மா? சுவத்துல பாத்தேன். கடவுளே, நேர்ல இன்னும் நல்லா இருக்கீங்க! எங்கம்மா பண்ணிக்கிட்டீங்க? எனக்கெல்லாம் எடம் கிடைக்குமா?” கேட்டுக்கொண்டே அவள் பார்வை ஸம்ஃபிராவின் துணி விலகிய கன்னத்தின் மேல் விழுந்தது. குரலைத் தாழ்த்தி, அன்போடு டொம்னிக்காவிடம் சொன்னாள்: “பாவம், இவங்களுக்கும் சொல்லுங்களேன். ஒரு தடவ அங்க போயிட்டு வந்தா இதெல்லாம் போயிருமே.”

ஸம்ஃபிரா சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு, பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. உதட்டோரத் தோல் இழுக்கவே பாதியில் நின்றது. அந்தப் பெண் பயந்து விலகிப் போனாள்.

பஸ் வந்தது. டொம்னிக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு படிவரை போனாள். “வேலையாவது நல்ல எடமாடி? ஆளுங்க எப்படி?”

“ஒரே ஒரு கிழவிதான். பணக்காரி.” ஸம்ஃபிரா படியில் நின்று பையை வாங்கிக்கொண்டாள். “ரெண்டு வீட்டுல என் போட்டோவப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. இவங்க கேக்கவே இல்ல. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம்க்கா.”